பெட்டி பாஸ், கையேடு ஃபெயில்: இன்குபேட்டரில் வான்கோழிக் குஞ்சு பொரித்த அனுபவம்

இன்குபேட்டர், அதாவது முட்டை பொரிக்கும் இயந்திரம், வந்த அட்டைப்பெட்டியில் '24 முட்டை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அது கோழி முட்டைக் கணக்கு. வான்கோழி முட்டை ஒவ்வொன்றும் 80, 90 கிராம் இருக்கும். தட்டின் தடுப்புகளை நகர்த்தி, ஒன்றிரண்டைச் சாய்த்து, என்னென்னவோ செய்து பார்த்தும் 16-க்கு மேல் கொள்ளவில்லை. வாங்க நினைப்பவர்கள் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கூட வந்த கையேடும் கோழிக்கு எழுதியதுதான். 21 நாளில் பொரியும், 18-ஆம் நாள் திருப்புவதை நிறுத்து என்கிறது. வான்கோழிக்கு 28 நாள். 25-ஆம் நாள் வரை முட்டையைத் திருப்பியாக வேண்டும். கையேட்டை நம்பி ஒரு வாரம் முன்னாலேயே நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ! வான்கோழி என்ற சொல்லே அதில் எங்கும் இல்லை. ஆனால் பெட்டியின் மேல் வான்கோழிப் படம் மட்டும் அழகாக இருக்கிறது.

இனி இயந்திரம். உள்ளே விசிறி இருப்பதால் 37.5 டிகிரி வைத்தால் போதும். திரையிலும் அசையாமல் 37.5 நின்றது. நான்காம் நாள் ஏதோ சந்தேகத்தில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை முட்டைகளுக்கு நடுவே வைத்தேன். 36.8. சென்சார் மூடியின் உச்சியில், ஹீட்டருக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. அது தன்னைச் சுற்றியுள்ள சூட்டைச் சொல்கிறது, முட்டையின் சூட்டை இல்லை. செட் பொத்தானை அழுத்திப் பிடித்தால் திருத்தும் வசதி வருகிறது என்பதை நானாகத்தான் கண்டுபிடித்தேன். கையேட்டில் அதுவும் கிடையாது. இந்த நான்கு நாள் குளிர்ச்சியால்தானோ என்னவோ, குஞ்சுகள் ஒரு நாள் தாமதமாக 29-ஆம் நாள் வந்தன.

ஈரப்பதம் காட்டும் எண்ணையும் நம்பாதீர்கள். தனியாக ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் வாங்கி, பாட்டில் மூடியில் நனைந்த உப்பு வைத்து, இரண்டையும் காற்றுப் புகாத பையில் இரவு முழுக்க மூடி வைத்தேன். 75 காட்ட வேண்டும், 72 காட்டியது. சரி, மூன்று கூட்டிக்கொண்டால் போயிற்று. அதை உள்ளே வைத்தபோது, 53 இருக்கும் இடத்தில் இயந்திரம் 60 என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

பாராட்டவும் விஷயம் இருக்கிறது. மூடியைத் திறக்காமலே வெளியிலிருந்து தண்ணீர் ஊற்றலாம். கடைசி மூன்று நாள் ஈரப்பதத்தை 65, 70-க்கு ஏற்ற வேண்டிய நேரத்தில் இதன் அருமை தெரியும். ஓடு கொத்திய பிறகு மூடியைத் திறந்தால் உள்சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர்க் குழி இரண்டு. முதல் 25 நாள் ஒன்றை மட்டும் நிரப்பினேன், பிறகு இரண்டையும். ஒருமுறை இரண்டு மணி நேரம் மின்சாரம் போனது. மேலே போர்வையைப் போட்டு மூடினேன், முட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

முட்டைக்குள் கரு வளர்கிறதா என்று ஒளி பாய்ச்சிப் பார்க்க, கூடவே வரும் கேண்டிலிங் விளக்கு சும்மா. வான்கோழி முட்டையின் பழுப்புப் புள்ளிகளைத் தாண்டி வெளிச்சம் போகவே இல்லை. செல்போன் டார்ச்சில்தான் பார்த்தேன். பத்தாம் நாள் இரண்டு கருக்கூடாதவை, ஒன்றில் ரத்த வளையம், அதாவது கரு பாதியில் இறந்துவிட்டது. மிச்சம் 13. அதில் 11 பொரிந்தன. முதல் குஞ்சு கொத்தியதிலிருந்து வெளியே வர ஒரு நாள் எடுத்துக்கொண்டது. உதவி செய்யக் கை பரபரத்தது. "சும்மா உட்காருடா, அதுவே வரும்" என்று அம்மா அதட்டியதால் தப்பித்தது.

அடித்தட்டு வழவழப்பான பிளாஸ்டிக். ஒரு குஞ்சுக்குக் கால் இரண்டு பக்கமும் விரிந்துவிட்டது. மெல்லிய டேப்பால் இரண்டு காலையும் அளவான இடைவெளியில் கட்டிவிட்டேன், மூன்று நாளில் சரியானது. அடுத்த முறை சொரசொரப்பான ரப்பர் விரிப்பு போடாமல் விடமாட்டேன்.

குஞ்சு வந்த பிறகுதான் உண்மையான வேலை. கோழிக்குஞ்சு தானே கொத்திப் பழகிவிடும். வான்கோழிக் குஞ்சுக்குத் தீவனம் எது, தண்ணீர் எது என்று காட்ட வேண்டும். ஒவ்வொன்றின் அலகையும் தண்ணீரில் நனைத்து, தட்டில் கோலிக்குண்டு போட்டேன். பளபளப்பைக் கொத்தப்போய்க் குடிக்கக் கற்றன. தீவனத்தில் விரலால் தட்டித் தட்டிக் காட்டினேன். அப்படியும் ஒன்று சாப்பிடாமலே இருந்து, ஐந்தாம் நாள் போய்விட்டது. வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கரு இரண்டு மூன்று நாளைக்குத்தான் தாங்கும். நான் கவனித்தபோது நேரம் கடந்திருந்தது.

ஒரு கோழிக்குஞ்சைக் கூட விட்டால் அதைப் பார்த்துச் சாப்பிடும் என்றார்கள். எனக்குத் துணிச்சல் இல்லை. கோழியிடமிருந்து வான்கோழிக்குத் தொற்றும் பிளாக்ஹெட் நோய் கல்லீரலைத் தாக்கிக் கூண்டையே காலி செய்துவிடும். புரூடர், அதாவது குஞ்சுகளைச் சூடாக வைக்கும் கூண்டு, முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்தேன். தீவனம் 28 சதவீதம் புரதம் உள்ள வான்கோழி ஸ்டார்ட்டர்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த ஒன்றரையும் கையேட்டுக்காகவே கழித்தேன். பத்துக் குஞ்சுகள் இப்போது ஏறி உட்காரக் குச்சி தேடுகின்றன. பெட்டியில் அடுத்த 16 முட்டை, இன்றைக்கு 12-ஆம் நாள்.