கார்க்காரங்களை லாரி சீட்ல உக்கார வைக்கிற ஹைவே சேஃப்டி கிளாஸ்: போயிட்டு வந்து எழுதுற ரிவ்யூ

கார் ஓட்டுறவங்களையும் லாரி ஓட்டுறவங்களையும் ஒரே ஹாலுக்கு வரவச்சு ஹைவே பாதுகாப்பு பத்தி ஒரு நாள் பூரா கிளாஸ் எடுக்குறாங்க, போன வாரம் போயிட்டு வந்தேன். நடத்துறவங்க பேரை இங்க போடல, ஏன்னா நல்லதும் சொல்லப் போறேன், கோவமா ஒரு குறையும் சொல்லப் போறேன். இந்த மாதிரி கிளாஸ் உங்க பக்கம் எங்கயாவது நடந்தா என்ன கிடைக்கும், என்னத்த கேட்டு வாங்கணும்னு தெரியட்டும்னு தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

முதல்ல நான் ஏன் போனேன்னு சொல்லிடுறேன். ஒரு ராத்திரி ஹைவேல வந்துட்டிருந்தேன், பின் சீட்ல பையன் தூங்கிட்டிருந்தான், ஒரு ட்ரெய்லரை ஓவர்டேக் பண்ணி அதுக்கு முன்னாடி இருந்த கேப்ல உள்ள வந்தேன், வந்த உடனே எனக்கு முன்னாடி போன வண்டி ஸ்லோ ஆச்சு, நானும் பிரேக்கை மிதிச்சேன், அவ்ளோ தான், பின்னாடி ஹார்ன் அலறுது, ஹை பீம் போட்டதுல கார் உள்ள பூரா வெள்ளையாயிடுச்சு, கண்ணாடில பாத்தா லைட்டும் கிரில்லும் தவிர ஒண்ணுமே தெரியல. நான் எக்ஸிட்ல எறங்குற வரைக்கும் அப்படியே ஒட்டிக்கிட்டு வந்தாரு. ஓரமா நிறுத்தி கை நடுக்கம் நிக்க பத்து நிமிஷம் ஆச்சு. அன்னைலேருந்து லாரின்னாலே எனக்கு ஒரு பயம், அந்தப் பயம் நாளாக நாளாக வெறுப்பாவே மாறிடுச்சு, அது எனக்கே பிடிக்கல, அதனால தான் இந்த கிளாஸ் பத்தி கேள்விப்பட்டதும் பேர் கொடுத்தேன்.

காலைல ஹால்ல நுழைஞ்சா இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் அவங்க, நடுவுல வழி. யாரும் சொல்லாமலே அப்படி உக்காந்துட்டோம். முதல் அரை மணி நேரம் சண்டை தான். கார்க்காரங்க "ரெண்டு லாரி ஜோடி போட்டுக்கிட்டு மொத்த ரோட்டையும் அடைச்சுட்டுப் போறீங்க"ங்குறாங்க, லாரிக்காரங்க "நாங்க விட்டு வைக்கிற இடத்துல எல்லாம் நீங்க மூக்க நுழைக்கிறீங்க"ங்குறாங்க. பாடம் எடுத்தவர் தடுக்கவே இல்ல, எல்லாத்தையும் போர்டுல எழுதிக்கிட்டே வந்தாரு. இது எனக்குப் பிடிச்சது, மனசுல இருக்குறத கொட்டினதுக்கு அப்புறம் தான் காது திறக்குது.

அப்புறம் வெளிய கூட்டிட்டுப் போனாங்க. இந்த கிளாஸோட உயிரே அந்த ஒரு மணி நேரம் தான். ஒரு ட்ரெய்லரை நிறுத்தி வச்சிருந்தாங்க, ஒவ்வொருத்தரா ஏறி டிரைவர் சீட்ல உக்காரணும். நான் ஏறி உக்காந்ததும் பக்கத்துல இருந்த வயசான டிரைவர் "கண்ணாடி எல்லாம் சரியா வச்சுக்கோம்மா, அவசரமே இல்ல"ன்னாரு. வச்சுக்கிட்டேன். "உன் கார் எங்க நிக்குது சொல்லு"ன்னாரு. முன்னாடி பாக்குறேன், ரெண்டு பக்கக் கண்ணாடியும் பாக்குறேன், எங்கயும் இல்ல. பார்க்கிங்ல தானே இருக்கும் அண்ணேன்னேன். "எந்திரிச்சு எட்டிப் பாரு"ன்னாரு. சீட்லேருந்து எந்திரிச்சு கண்ணாடி கிட்ட மூஞ்சிய வச்சு கீழ பாத்தா என் சிவப்புக் கார், லாரி பம்பரை ஒட்டி நேர் முன்னாடி நிக்குது, கூரை மட்டும் தெரியுது, பின் சீட்ல பையனோட குட்டித் தலகாணி அப்படியே கெடக்குறது நினைவுக்கு வந்துச்சு. எனக்கு வயிறு கலங்கிடுச்சு.

லாரிக்கு முன்னாடி 20 அடி, பின்னாடி 30 அடி, டிரைவர் பக்கம் ஒரு லேன், கிளீனர் சைடுல ரெண்டு லேன் வரைக்கும் கண்ணுக்குத் தெரியாத இடம்னு அமெரிக்கால கார்க்காரங்களுக்கு சொல்லிக் கொடுக்குற கணக்கு. வண்டிக்கு வண்டி இது மாறும், முன்பக்கம் கண்ணாடி கேமரா எல்லாம் வச்ச வண்டில குறையும், ஆனா கிளீனர் சைடுல பக்கத்துலயே ஒட்டி ஓட்டுறவங்கள அவரால பாக்க முடியாதுங்குறத அந்த சீட்ல உக்காந்தா தான் நம்புவீங்க. நான் பல வருஷமா "இண்டிகேட்டர் போட்டுட்டு என் மேலயே வர்றாரே"ன்னு திட்டினதுல பாதிக்கு மேல நான் அங்க இருந்ததே அவருக்குத் தெரிஞ்சிருக்காது.

அடுத்து பிரேக். ஒரே கோட்டுல காரும் லோடு ஏத்தின லாரியும் தனித்தனியா 60 கிலோமீட்டர்ல வந்து பிரேக் அடிக்கணும். லாரி காரை விட மூணு கார் நீளம் தள்ளிப் போய் நின்னுச்சு, அதுவும் அந்த டிரைவர் பிரேக் அடிக்கணும்னு முன்னாடியே தெரிஞ்சு காலைத் தயாரா வச்சிருந்தப்பவே. ஏர் பிரேக்ல பெடலை மிதிச்சதும் காத்து குழாய் வழியா போய் எல்லா வீலையும் பிடிக்க அரை செகண்ட் கிட்ட ஆகுமாம், 90ல போறப்ப ஒரு செகண்டுக்கு 25 மீட்டர்னா பிரேக் பிடிக்க ஆரம்பிக்கிறதுக்குள்ளயே 12 மீட்டர் போயிடுது. கார் ஒன்றரை டன், லோடு ஏத்தின ட்ரெய்லர் 40 டன். லோடு இல்லாத லாரி சீக்கிரம் நிக்கும்னு நினைச்சேன், அதுவும் தப்பாம், வெயிட் இல்லாததுனால டயருக்குப் பிடிமானம் குறைஞ்சு குதிச்சுக்கிட்டு சில நேரம் இன்னும் தள்ளிப் போய் தான் நிக்கும். இதைக் கேட்டதும் அந்த ராத்திரி எனக்கு வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சுது. நான் காலி இடம்னு நினைச்சு உள்ள நுழைஞ்சது காலி இடமே இல்ல, அது அவர் வண்டி நிக்குறதுக்காக அவர் சேத்து வச்சிருந்த தூரம், அதுல நான் போய் பிரேக்கும் அடிச்சிருக்கேன்.

ரெண்டு லாரி ஜோடி போட்டுப் போற விஷயத்துக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டினாங்க, இது ரொம்ப நல்லா இருந்துச்சு. ஐரோப்பால கனரக லாரிக்கு 90ல ஸ்பீடு லிமிட்டர் பூட்டிடுவாங்க, அதுக்கு மேல மிதிச்சாலும் போகாது. ஒரு வண்டி 89ல போகுது, முன்னாடி போறது 87. நடுவுல 2 கிலோமீட்டர் தான் வித்தியாசம். ரெண்டும் பதினாறரை மீட்டர் நீளம், முன்னாடி 30 மீட்டர், பின்னாடி 30 மீட்டர் இடம் விட்டு தாண்டி வரணும்னா ரெண்டே முக்கால் நிமிஷம் ஆகும், அதுக்குள்ள நாலு கிலோமீட்டர் ஓடிடும். ஜெர்மனில இதுக்கு யானைப் பந்தயம்னே பேர் வச்சிருக்காங்க. அந்த 87ல போறவர் பக்கத்துல வண்டி வர்றதப் பாத்து காலை லேசா எடுத்து 82க்கு வந்தா போதும், அம்பது செகண்ட் கூட ஆகாது, வேலை முடிஞ்சுது. அதை ஏன் செய்ய மாட்டேங்குறீங்கன்னு நான் கேட்டேன். ஒருத்தர் உண்மையைச் சொன்னாரு, "விட்ட ஸ்பீடை 40 டன்னோட திரும்பப் பிடிக்கிறது கஷ்டம்மா, டீசலும் போகும், ஆனா விட்டுருக்கணும், தப்பு தான்." அந்த ஒரு பதிலுக்காகவே நடுவுல இருந்த வழி கொஞ்சம் சின்னதான மாதிரி இருந்துச்சு.

சாப்பாட்டுக்கு அப்புறம் தூக்கம், ஓட்டுற நேரம் பத்தின பகுதி. அவசர அவசரமா ஓட்டிட்டாங்க, இருபது நிமிஷம் கூட இல்ல. ஐரோப்பால நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் ரெஸ்ட் எடுத்தே ஆகணும், அமெரிக்கால வேலை ஆரம்பிச்சதுலேருந்து 14 மணி நேரத்துக்குள்ள 11 மணி நேரம் தான் ஓட்டலாம், குடோன்ல லோடு இறக்க அஞ்சு மணி நேரம் காக்க வச்சாலும் பொதுவா அந்த 14 மணி நேரக் கடிகாரம் நிக்காது. அப்புறம் லேட்டுக்கு திட்டு வாங்குறது டிரைவர், அவர் விரட்டிட்டு வந்து ஒட்டுறது நம்ம பின்னாடி. சண்டைக்கு வேரே இங்க தான் இருக்கு, இதைப் போய் ஸ்லைடு ஸ்லைடா தள்ளிட்டாங்களேன்னு வருத்தமா இருந்துச்சு.

இப்ப என் கோவம். சாயங்காலம் கேள்வி நேரத்துல நான் எந்திரிச்சு என் ராத்திரிக் கதையைச் சொன்னேன், நான் நுழைஞ்சது தப்புன்னு இன்னைக்கு புரிஞ்சுது, ஆனா அதுக்கு அப்புறம் எக்ஸிட் வரைக்கும் ஒட்டிக்கிட்டே வந்தது என்ன நியாயம்னு கேட்டேன். பாடம் எடுத்தவர் "ரெண்டு பக்கமும் பொறுமை வேணும்"னு சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டாரு. எனக்கு அது பதிலாவே தெரியல. அவங்க சொல்லிக் கொடுத்த கணக்கே பதில் சொல்லுதே, 90ல பத்து மீட்டர் பின்னாடி வந்தா அவர் கையில இருக்குறது 0.4 செகண்ட், பிரேக்குக்குக் காத்து போய்ச் சேரவே அது பத்தாது. நான் எதையாவது பாத்து சட்டுனு நிறுத்தியிருந்தா அவர் எவ்ளோ பெரிய கெட்டிக்காரரா இருந்தாலும் என் பையன் மேல ஏறாம இருந்திருக்க முடியாது. தன் வண்டி நிக்காதுன்னு நம்ம எல்லாரையும் விட நல்லாத் தெரிஞ்சவர் அதைச் செய்யுறாரு, அது தான் எனக்கு இன்னும் ஆறல. காரை லாரி சீட்லேருந்து காட்டினாங்க, ரொம்ப சரி, லாரியை கார் சீட்லேருந்து ஏன் காட்டல? ஒரு சின்ன கார்ல அந்த டிரைவர்களை உக்கார வச்சு பின் கண்ணாடி நிறைய கிரில் தெரியுற அளவுக்கு ஒரு ட்ரெய்லரைப் பின்னாடி கொண்டு வந்து நிறுத்தியிருக்கலாம், ஓடக்கூட வேண்டாம், நிறுத்தினாலே போதும்.

இதை ஃபீட்பேக் பேப்பர்ல எழுதிக் கொடுத்தேன். வெளிய வர்றப்ப அந்த வயசான டிரைவர் அவரா வந்து "நீ கேட்டது சரி தான்மா, இளவட்டப் பசங்க சிலர் பயமுறுத்தணும்னே பண்ணுவானுங்க, நானும் ஒரு காலத்துல பண்ணியிருக்கேன்"னு சொல்லிட்டு என் காருக்குள்ள உக்காந்து பாக்கவான்னு கேட்டாரு. உக்காந்தாரு. பின்னாடி அவர் ஓட்டுற ட்ரெய்லரே நின்னுட்டிருந்துச்சு, கண்ணாடியை கொஞ்சம் திருப்பிப் பாத்தாரு, பேசாம ரொம்ப நேரம் பாத்தாரு.

போகலாமான்னு கேட்டா கண்டிப்பா போங்க, புதுசா ஹைவேல ஓட்டப் போறவங்க வீட்டுல இருந்தா அவங்களையும் கூட்டிட்டுப் போங்க. அஞ்சுக்கு மூணரை ஸ்டார், கார் சீட் பயிற்சியைச் சேத்தா நாலரை போடுவேன். கேபின்ல ஏற மூணு படி செங்குத்தா இருக்கு, ஷூ போட்டுட்டுப் போங்க, தூரப் பார்வைக்குக் கண்ணாடி போடுறவங்க மறக்காம எடுத்துட்டுப் போங்க. காலைல முதல் ஆளா ஏறப் பேர் கொடுத்துடுங்க, கடைசில ஏறினவங்களுக்கு அஞ்சு நிமிஷம் தான் கிடைச்சுது.