ஹெர்ஸ்டைனா, ஆர்டினா, டம்மிட்–ஃபூட்டா, பின்டரா: நவீன இயற்கணிதத்தைத் தனியாகப் படிப்பவருக்கு எது?

சமச்சீரும் கடப்பும் உள்ள உறவு எதுவானாலும் அது தற்சுட்டு உறவாகவும் (ஒவ்வோர் உறுப்புக்கும் தன்னோடே உறவு) இருந்தே தீரும் என்று ஒருவர் நிரூபிக்கிறார். 'அ'வுக்கு 'ஆ'வோடு உறவு. சமச்சீர் என்பதால் 'ஆ'வுக்கு 'அ'வோடும் உறவு. கடப்பு என்பதால் 'அ'வுக்கு 'அ'வோடே உறவு. முடிந்தது. படித்தால் ஓட்டை தெரியாது. ஆனால் யாரோடும் உறவே இல்லாத ஓர் உறுப்பு கணத்தில் இருந்தால் நிரூபணத்தின் முதல் வரியையே எழுத முடியாது. ஹெர்ஸ்டைன் தன் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே இந்தப் பொறியை வைத்து, தவறு எங்கே என்று கேட்கிறார். விடை புத்தகத்தில் இல்லை.

வகுப்பில் படிப்பவர் கையைத் தூக்கிக் கேட்டுவிடுவார். வேலை முடிந்து வந்து இரவில் தனியாக உட்கார்ந்து படிப்பவர் யாரைக் கேட்பார்? சரியாக எழுதிவிட்டோம் என்ற நிறைவோடு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார். நவீன இயற்கணிதத்தில் விடை என்பது எண் அல்ல, வாதம். கால்குலேட்டரில் போட்டுச் சரிபார்க்க வழியில்லை. ஆகவே நான்கு புத்தகங்களையும் ஒரே அளவுகோலை வைத்துப் பார்க்கிறேன்: நான் எழுதியது தப்பு என்று எனக்கு எது காட்டிக்கொடுக்கும்?

நம் ஊர்க் கணிதத் துறைகளுக்கு ஹெர்ஸ்டைன்தான் குலதெய்வம். 1964இல் வெளிவந்து 1975இல் இரண்டாம் பதிப்பு கண்ட 'டாபிக்ஸ் இன் அல்ஜீப்ரா'வைத் தொடாமல் தமிழ்நாட்டில் எம்.எஸ்சி. கணிதம் முடித்தவரைப் பார்ப்பது அரிது. அந்த மரியாதை நியாயமானதே. எழுத்து சுருக்கமானது, வறட்டுத்தனம் இல்லாதது. குலங்களைப் பற்றிய சைலோ தேற்றத்தின் முதற்பகுதிக்கு மூன்று நிரூபணங்கள் தருகிறார், மூன்றும் மூன்று திசையிலிருந்து வருபவை. ஆனாலும் அந்தப் புத்தகத்தின் உயிர் பயிற்சிகளில்தான் இருக்கிறது.

ஒன்றைப் பார்க்கலாம். குலம் என்பது, உறுப்புகளை இரண்டிரண்டாகப் பெருக்கவும், பெருக்கியதை எதிர்மறை உறுப்பால் மீட்கவும் முடிகிற கணம். முடிவுள்ள ஒரு குலத்தில் ஓர் ஆட்டோமார்பிசம் (பெருக்கல் கெடாமல் குலத்தைத் தன்மீதே ஒன்றுக்கொன்றாக அனுப்பும் சார்பு), முக்கால் பங்குக்கு மேற்பட்ட உறுப்புகளை அவற்றின் எதிர்மறைக்கு அனுப்புகிறது என்றால், அந்தக் குலம் பரிமாற்றுப் பண்பு உடையது, அதாவது எந்த வரிசையில் பெருக்கினாலும் ஒன்றே என்று நிரூபிக்க வேண்டும். ஏன் முக்கால், அரை ஏன் போதாது? அடுத்த கணக்கு அதையே சீண்டுகிறது: சரியாக முக்கால் பங்கு மட்டும் அப்படிப் போய், குலம் பரிமாற்றுப் பண்பு இல்லாமலும் இருக்கும் எடுத்துக்காட்டைக் கொண்டுவா என்கிறது. ஒரு சதுர அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த இடத்திலேயே பொருந்துமாறு அதைத் திரும்ப வைக்க 8 வழிகள் உண்டு. நான்கு பிரதிபலிப்புகள், அரைச்சுற்று, சும்மா விடுவது ஆகிய ஆறும் தமக்குத் தாமே எதிர்மறை. இரண்டு கால்சுற்றுகள் மட்டும் அப்படி இல்லை. ஆக, எதையுமே மாற்றாத ஆட்டோமார்பிசம் 8இல் 6ஐ எதிர்மறைக்கு அனுப்பிவிடுகிறது. அச்சாக முக்கால்! முதல் கணக்குக்கும் லாக்ராஞ்ச் தேற்றமும் (உட்குலத்தின், அதாவது குலத்துக்குள் இருக்கும் குலத்தின், உறுப்பு எண்ணிக்கை முழுக் குலத்தின் எண்ணிக்கையை வகுக்கும் என்பது) கொஞ்சம் எண்ணிக்கையும் போதும். அவற்றை அங்கே கொண்டுவரலாம் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். இதைத் தானாகக் கண்டுபிடிப்பவருக்கு அன்று தூக்கம் வராது. கண்டுபிடிக்காதவருக்கும் வராது.

அதனால்தான் ஹெர்ஸ்டைனை முதல் புத்தகமாகத் தனி ஆளிடம் கொடுக்கத் தயங்குகிறேன். வேறு இரண்டு சங்கடங்களும் உண்டு. அவர் சார்புகளை உறுப்பின் வலப்பக்கம் எழுதுபவர். 1ஐயும் 2ஐயும் இடம் மாற்றும் வரிசைமாற்றத்தை முதலில் எழுதி, 1ஐயும் 3ஐயும் இடம் மாற்றுவதை அதன் பக்கத்தில் எழுதிப் பெருக்குங்கள். இடமிருந்து வலமாகப் படிக்கும் ஹெர்ஸ்டைனில் 1 போய்ச் சேரும் இடம் 2. வலமிருந்து இடமாகப் படிக்கும் ஆர்டினிலும் டம்மிட்–ஃபூட்டிலும் அதே 1 போய்ச் சேர்வது 3இல். இரண்டு புத்தகங்களைப் பக்கத்தில் வைத்துப் படிப்பவர், ஒரு தவறும் செய்யாமலேயே தவறு செய்துவிட்டதாக நினைத்து ஒரு மாலையைத் தொலைப்பார். இரண்டாவது சங்கடம் பெரிது: ஒரு குலம் ஒரு கணத்தின் மீது செயல்படுவது (குலத்தின் ஒவ்வோர் உறுப்பும் கணத்தின் உறுப்புகளை இடம் மாற்றுவது) என்ற பொதுமொழியை அவர் வளர்த்தெடுப்பதில்லை. இன்று இயற்கணிதம் பேசுகிறவர்கள் மூச்சுக்கு மூச்சு பயன்படுத்தும் மொழி அது.

மைக்கேல் ஆர்டினின் 'அல்ஜீப்ரா' 1991இல் வந்தது. இரண்டாம் பதிப்பு 2010. எம்.ஐ.டி.யில் நடத்திய பாடத்திலிருந்து பிறந்த புத்தகம். குலத்தின் வரையறைக்கு முன்னால் அணிகள் வருகின்றன. 'இதெல்லாம் பிளஸ் டூவிலேயே பார்த்தாயிற்று' என்று அந்த அத்தியாயத்தைத் தாண்டினால் நஷ்டம், ஏனென்றால் நமது அளவுகோலுக்கு ஆர்டின் தரும் பதிலே அந்த அணிகள்தான். எதை நிரூபித்ததாக நினைத்தாலும், இரண்டுக்கு இரண்டு அணியில் போட்டுப் பார்க்கலாம்.

தனியாகப் படிக்கும் பலர் கேள்வியே கேட்காமல் நம்பும் ஒரு கூற்று: தன்னைத்தானே சில தடவை பெருக்கினால் சமனி உறுப்பாகிவிடும் (எதோடு பெருக்கினாலும் அதை மாற்றாத உறுப்பு) இரண்டு உறுப்புகளைப் பெருக்கினால், வருவதும் அப்படித்தான் இருக்கும். பரிமாற்றுப் பண்பு இருந்தால் சரி. இல்லையென்றால்? முதல் அணியின் நிரைகள் (0, −1), (1, 0). இதன் நான்காம் அடுக்கு சமனி. இரண்டாவதன் நிரைகள் (0, 1), (−1, −1). இதன் மூன்றாம் அடுக்கு சமனி. பெருக்கினால் கிடைப்பது (1, 1), (0, 1). இதை எத்தனை தடவை தன்னோடு பெருக்கினாலும் வலது மேல்மூலை எண் 2, 3, 4 என்று ஏறிக்கொண்டே போகும், சமனிக்குத் திரும்பவே திரும்பாது. பேனாவும் ஐந்து நிமிடமும் இருந்தால் கூற்று கவிழ்ந்துவிடும். ஆசிரியர் இல்லாத இடத்தில் ஆசிரியர் செய்யும் வேலையை அணி செய்கிறது.

ஆர்டினிடம் குறை இல்லாமல் இல்லை. சில இடங்களில் பேச்சுவாக்கில் முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார், விடைப்பட்டியலும் கிடையாது. பதிலுக்கு, இந்தப் புத்தகத்தை ஒட்டி ஹார்வர்டில் பெனடிக்ட் கிராஸ் நடத்திய வகுப்புகள் யூடியூபில் கிடைக்கின்றன. நம் நாட்டிலிருந்து வேண்டுமென்றால் என்பிடெல் என்ற இணைய வகுப்புத் தளத்தில் சென்னை கணிதவியல் கழகத்தின் குலக்கொள்கை வகுப்பு இருக்கிறது. இரண்டும் இலவசம். வீடியோ பார்த்தால் புரிந்ததுபோல் தோன்றும் என்பது தனி ஆபத்து. நிரூபணத்தின் பாதியில் நிறுத்திவிட்டு மீதியை எழுதிப் பார்க்காதவருக்கு அது வெறும் பொழுதுபோக்குதான்.

டம்மிட்–ஃபூட் 900 பக்கங்களைத் தாண்டும். மூன்றாம் பதிப்பு 2004இல் வந்தது. எல்லாம் இதில் இருக்கிறது, எடுத்துக்காட்டுகளும் கொட்டிக் கிடக்கின்றன. சிறு குலங்களின் உட்குலங்களைக் கோட்டுப்படமாகப் போட்டுக் காட்டுவது இதன் அருமையான பழக்கம். நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்கள் (இரண்டிரண்டாக இடம் மாற்றுவதை இரட்டைப்படைத் தடவை செய்து பெறுபவை) 12. 6 என்பது 12ஐ வகுக்கும் என்றாலும் 6 உறுப்புகள் கொண்ட உட்குலம் அங்கே இல்லை. லாக்ராஞ்ச் தேற்றத்தின் மறுதலை பொய் என்பதைப் படத்திலேயே கண்ணால் பார்த்துவிடலாம். எளிய கணக்கீட்டுப் பயிற்சிகளும் ஏராளம் என்பதால், எண்ணிப் பார்த்தே நம் தவறைப் பிடிக்க முடியும். முகம் தெரியாதவர்கள் எழுதிய தீர்வுகளும் இணையத்தில் மிக அதிகமாகக் கிடைப்பது இந்தப் புத்தகத்துக்குத்தான். அவற்றில் தவறானவையும் உண்டு.

ஆனால் இதை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்கிய தனி ஆள், முதல் ஆறு அத்தியாயங்களிலேயே குலங்களுக்குள் சிக்கி, வளையத்தின் (கூட்டலும் பெருக்கலும் உள்ள அமைப்பின்) முகத்தைப் பார்க்காமலேயே களைத்துப் போவார். அலமாரியில் வைத்துக்கொண்டு வேண்டியபோது எடுத்துப் பார்க்க இதைவிடச் சிறந்தது இல்லை.

சார்லஸ் பின்டரின் புத்தகம் இந்தக் கூட்டத்தில் சின்னது. பல்கலைக்கழகத்து ஆட்கள் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பது. டோவர் பதிப்பில் மலிவாக வருகிறது. 33 குட்டி அத்தியாயங்கள், ஒரு மாலைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். பயிற்சிகளை அவர் கட்டியிருக்கும் விதம்தான் விஷயம். ஒரு பெரிய முடிவைப் படிகளாக உடைத்து, தலைப்புப் போட்டு வரிசையாக வைத்துவிடுகிறார். நான்காம் படி ஏறவில்லை என்றால் மூன்றாம் படியில் ஏதோ ஆடுகிறது என்று உடனே தெரிந்துவிடும். தேர்ந்தெடுத்த கணக்குகளுக்குப் பின்பக்கத்தில் விடையும் உண்டு. சைலோ தேற்றங்களே பயிற்சிக்குள்தான் வருகின்றன. பயிற்சியை விட்டுவிட்டுப் படிப்பவருக்குப் புத்தகத்தில் பாதி போய்விடும். ஆழம் குறைவுதான். ஆனால் ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்கு ஏன் பொதுச் சூத்திரம் இல்லை என்ற கால்வாவின் பதில் வரைக்கும் கூட்டிப்போகிறது. பாதியில் நின்றுபோன ஹெர்ஸ்டைனைவிட முடித்த பின்டர் மேல்.

என் தேர்வு இது. அலுவலகமும் குடும்பமும் வைத்துக்கொண்டு படிப்பவர் பின்டரில் தொடங்கட்டும். அணிகளில் கை பழகிய பொறியியல்காரர் நேரே ஆர்டினுக்குப் போகலாம். இரண்டில் ஒன்றை முடித்தபின் ஹெர்ஸ்டைனின் குல அத்தியாயத்துப் பயிற்சிகளை மட்டும், நிரூபணங்களைக் காட்ட ஒரு துணை கிடைத்தால், வாரம் ஒன்றிரண்டாகப் போட்டுப் பார்க்கலாம். தாமஸ் ஜட்சனின் புத்தகம் சட்டப்படியே இலவசம். சேஜ் மென்பொருளில் போட்டுப் பார்க்கும் கணக்குகளும் அதில் உள்ளன. நிரலாக்கம் தெரிந்தவர்கள் பின்டருக்குப் பதில் இதையே எடுத்துக்கொண்டாலும் தவறில்லை. உயர்நிலை மாணவர்களுக்கான லாங்கின் புத்தகத்தை இந்தக் கட்டத்தில் திறக்கவே வேண்டாம்.

பகுப்பாய்வுக்கு (எல்லை, தொடர்ச்சி முதலியவற்றை நிரூபணத்தோடு படிக்கும் கணிதப் பிரிவு) போகிறவர்களும் இதே கேள்வியைக் கேட்கலாம். ரூடின் அங்கே ஹெர்ஸ்டைனின் இடத்தில் இருக்கிறார். எண்களைக் கட்டுவதிலிருந்தே நிதானமாகத் தொடங்கும் டெரன்ஸ் டாவோவின் நூல் இந்தியப் பதிப்பகத்திலேயே வெளிவந்தது. தனி ஆளுக்கு அதுவே ஏற்றது.

நெட், கேட், ஜாம் தேர்வுக்குப் படிப்பவருக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அவருக்குத் தேவை வேகமும் எடுத்துக்காட்டுகளும். ஒற்றைப்படை எண் கணக்குகளுக்கு விடையோடு வரும் காலியனின் பாடநூலை வாங்கிக்கொண்டு, பழைய வினாத்தாள்களோடு உட்கார வேண்டியதுதான்.