கை தூக்கினால்தான் தெரியும்: நாடக உடைக்கு டிஜிட்டல் பேட்டர்ன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் நாடகத்துக்கும் நாட்டியத்துக்கும் உடை தைக்கிறேன். உடம்போடு ஒட்டி நிற்க வேண்டிய உடை என்றால், சில வருடங்களாகவே கணினியில் போட்டுப் பார்த்த பிறகுதான் துணியில் கத்தரி வைப்பது. பேட்டர்ன், அதாவது துணி வெட்டும் வரைபடம், வரைய ஸீம்லி2டி என்ற மென்பொருள். அது இலவசம். அளவுகள் தனிக் கோப்பில் இருக்கும். மார்பு, இடுப்பு எண்ணை மாற்றினால் கோடுகள் தாமே நகர்ந்துவிடும். ஒரே வேடத்தை இரண்டு பெண்கள் மாறி மாறி நடிக்கும்போது இது பெரிய உபகாரம். உடுத்திப் பார்க்க ஒரு முப்பரிமாண மென்பொருள். அதன் சந்தா கையைக் கடிக்கிறது, ஆனாலும் விடவில்லை. காரணம் சொல்கிறேன்.

1860 நவம்பர் 16-இல் ட்ரூரோ கப்பலில் இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களாக டர்பனில் வந்திறங்கியவர்களைப் பற்றிய நாடகம் ஒன்று. அதில் தோட்டத்துரையின் மனைவி வேடம். அந்தக் காலத்துச் சட்டையில் தோள்தையல் தோளைத் தாண்டிக் கையில் இறங்கி நிற்கும். பார்க்க அழகுதான், ஆனால் கையைத் தூக்கினால் இடுப்போடு சேர்த்து முழுச் சட்டையும் மேலே ஏறும். திரையில் பொம்மை கையைத் தொங்கவிட்டு நின்றவரை, துணி எங்கே இறுகி இழுபடுகிறது என்று நிறத்தில் காட்டும் இழுவிசைப் படம் எங்கும் பச்சை. கையை உயர்த்தியதும் அக்குள் செக்கச் செவேல். கைக்குழியின் அடியை அக்குளுக்கு நெருக்கமாக ஏற்றி, அதே துணியில் சாய்சதுரத் துண்டு ஒன்று வைத்தேன். சிவப்பு அடங்கியது, தோள்கோடும் மாறவில்லை. ஒரு முழம் துணிகூட வீணாகவில்லை. நிற்கும் பொம்மையை மட்டும் பார்த்துவிட்டு வெட்டுகிறவர்களுக்கு இந்த மென்பொருளால் பாதிப் பயன்தான்.

துணியின் குணத்தைச் சரியாகக் கொடுக்க வேண்டும். 10 செ.மீ. சதுரம் வெட்டி, நகைத் தராசில் நிறுத்து, வரும் கிராமை 100-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை கிடைக்கும். பட்டில் ஜரிகைக் கரையைத் தனித்துண்டாக்கி விறைப்பைக் கூட்டாவிட்டால், நாட்டிய உடையின் விசிறி திரையில் மெல்லிய வாயில் புடவை மாதிரித் தொய்கிறது.

பொம்மைக்குச் சதை கிடையாது, மூச்சும் கிடையாது. இறுக்கிக் கட்டும் உடைக்குள் நிஜ உடம்பு அமுங்கும். பாடுகிறவரின் விலா விரியும். அதனால் மூச்சை நிறைய இழுக்கச் சொல்லி அளவெடுக்கிறேன். காடாத் துணியில் ஒருமுறை தைத்துப் போட்டு, வசனத்தோடு நடக்கச் சொல்லிப் பார்ப்பதை நிறுத்தவே இல்லை. முன்பெல்லாம் காடாவில் திரும்பத் திரும்பத் தைப்போம், இப்போது பெரும்பாலும் ஒன்றே போதுகிறது.

பக்கத்திலும் முதுகிலும் தையலுக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் விடுங்கள். அடுத்த வருடம் அதே உடை வேறொருத்திக்குப் போகும். ஏ4 தாள்களில் அச்சிட்டால் அளவு 100 சதவீதத்தில் இருக்கட்டும். தாள்களை ஒட்டுவதற்கு முன், அளவைச் சரிபார்க்க அச்சாகும் சோதனைச் சதுரத்தை ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.