கரண்ட் வந்ததும் தானாக எழும்புவது எது? சொந்தக் கிளவுட்டுக்கு மூன்று மென்பொருள்கள்

யாழ்ப்பாணத்தில் பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் அலுவலகம் ஒன்று சொந்தக் கிளவுட் (தன் சேர்வரிலேயே பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் அமைப்பு) அமைக்க நினைத்தால், பேச்சில் முதலில் அடிபடுவது ஓப்பன்ஸ்டாக், கிளவுட்ஸ்டாக், புரொக்ஸ்மொக்ஸ் ஆகிய மூன்றும்தான். மூன்றுமே திறந்த மூல மென்பொருள்கள். மூன்றின் அடியிலும் வழக்கமாக ஓடுவது, மெய்நிகர் கணினிகளை இயக்கும் லினக்ஸின் கேவிஎம் என்பதால் வேகத்தைப் பார்த்துத் தெரிவு செய்யத் தேவையில்லை. நான் பார்ப்பது வேறு: கரண்ட் போய், யூபிஎஸ் பற்றரியும் இறங்கி, எல்லாம் நின்ற பிறகு கரண்ட் வந்தால், ஆள் கை படாமல் எழும்புவது எது? ஐப்பசி, கார்த்திகை இடி மழைக்குள் சேர்வர் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி.

ஓப்பன்ஸ்டாக்கை 2010இல் நாசாவும் ராக்ஸ்பேஸும் தொடங்கின. ஐரோப்பாவின் சேர்ன் அணு ஆய்வுகூடமே அதில்தான் தன் கிளவுட்டை ஓட்டுகிறது. பலம் பெரிது, பாரமும் பெரிது. நோவா, நியூட்ரான், கீஸ்டோன், கிளான்ஸ், சிண்டர் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிச் சேவை. பாதுகாப்புக்காக இவற்றை இயக்கும் கன்ட்ரோலர் சேர்வர் மூன்று வைத்தால், தரவுத்தளம் வழக்கமாக மூன்றிலும் ஒரே பிரதியாக (கலேரா கூட்டமாக) ஓடும். மூன்றும் ஒரே நேரத்தில் கரண்ட் இழந்தால், கடைசியாக எழுதியது எது என்று தெரியாமல் மூன்றும் நிற்கக்கூடும். அப்போது ஆள் வந்து பார்த்து ஒன்றை முதலில் கிளப்ப வேண்டும். அதற்குப் பிறகும் மெய்நிகர் கணினிகள் (விஎம்கள்) நின்றபடியே கிடக்கும். விஎம்களைப் பார்த்துக்கொள்ளும் நோவா, அவற்றைத் தானாகக் கிளப்பும் அமைப்பை ஓஃப் செய்தே தருகிறது. இரவில் எழும்பி வர ஒரு நிர்வாகி இல்லாத இடத்துக்கு இது வேண்டாம்.

கிளவுட்ஸ்டாக்கை 2012இல் சிட்ரிக்ஸ் அப்பாச்சியிடம் கொடுத்தது. ஒரு மேலாண்மைச் சேர்வர், ஒரு மைஎஸ்கியூஎல் தரவுத்தளம். நிறுவுவது எவ்வளவோ சுகம். ஆனால் என்எஃப்எஸ் (வலையமைப்பு வழிப் பகிரும்) சேமிப்பு பிந்தி எழும்பினால், கிளவுட்ஸ்டாக் தன் வேலைக்காக வைத்திருக்கும் சிஸ்டம் விஎம்களும் காத்துக் கிடக்கும்.

புரொக்ஸ்மொக்ஸ் 2008இல் வியன்னாவில் வெளிவந்தது. அடியில் டெபியன் லினக்ஸ். ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் போட்டு நிறுவி, பிரவுசரில் 8006 போர்ட்டைத் திறந்தால் வேலை தொடங்கலாம். ஒவ்வொரு விஎம்முக்கும் 'பூட்டில் தொடங்கு' என்று குறித்து, வரிசையும் இடைவெளியும் கொடுக்கலாம்: தரவுத்தளம் முதலாவது, 60 வினாடி கழித்துக் கணக்கு மென்பொருள். சேர்வரின் பயோஸிலும் கரண்ட் வந்ததும் தானாக ஓன் ஆகும்படி மாற்றிவிட்டால், பட்டனை அமத்த ஆள் தேட வேண்டியதில்லை. யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி வயரைச் சேர்வரில் செருகி, யூபிஎஸ்ஸைக் கவனிக்கும் நட் (NUT) மென்பொருளோடு இணைத்தால், பற்றரி இறங்கும் முன்பே எல்லாம் ஒழுங்காக அணையும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. இரண்டு சேர்வரை மட்டும் ஒன்றாக இயங்கும் கிளஸ்டராகக் கட்டினால், ஒன்று எழும்பாதபோது மற்றதுக்குப் பெரும்பான்மை வாக்கு இல்லை. அது நல்லாக இருந்தும் விஎம்களைத் தொடங்காது. மூன்றாவது வாக்குக்கு ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஒன்றைக் கியூடிவைஸாக (வாக்கு மட்டும் போடும் கருவியாக) வைத்தால் போதும். அதற்கும் வழியில்லையென்றால் கிளஸ்டரே கட்டாமல் இரண்டையும் தனித்தனியாக ஓட்டுங்கள். புரொக்ஸ்மொக்ஸுக்குச் சந்தா கட்டாதவர்கள் அப்டேட் களஞ்சியத்தைச் சந்தா இல்லாததுக்கு மாற்ற மறக்கக் கூடாது. மாற்றாவிட்டால் அப்டேட் எடுக்கும்போது பிழைதான் வரும்.

பேக்கப் பிரதியை அதே கட்டடத்தில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். அலுவலகம் ஸ்ரான்லி வீதியில் என்றால் புரொக்ஸ்மொக்ஸ் பேக்கப் சேர்வர் சுன்னாகத்திலோ சாவகச்சேரியிலோ இருக்கட்டும், நடுவில் வயர்கார்ட் என்ற பாதுகாப்பான விபிஎன் இணைப்பு. ஒரு பக்கம் பொது ஐபி கிடைக்காத 4ஜி றவுட்டர் என்றால், இணைப்பை அந்தப் பக்கமே தொடங்க வேண்டும்.

வாடிக்கையாளர்கள் தாங்களே உள்நுழைந்து விஎம் எடுத்து, பாவனைக்குப் பணம் கட்டும் சேவை நடத்தப் போகிறவர்களுக்குப் புரொக்ஸ்மொக்ஸ் போதாது. அவர்கள் கிளவுட்ஸ்டாக்குக்குப் போகலாம். ஓப்பன்ஸ்டாக்கை வேலை வாய்ப்புக்காகப் படிக்க நினைக்கும் பிள்ளைகள் 16 ஜிபி றாம் உள்ள ஒரு பழைய கணினியில் ஓப்பன்ஸ்டாக்கின் பயிற்சிப் பதிப்பான டெவ்ஸ்டாக்கைப் போட்டுப் பழகட்டும். அலுவலகத்தின் கணக்கும் கோப்பும் புரொக்ஸ்மொக்ஸில் இருக்கட்டும்.