எட்டடி டிஷ்ஷும் 78.5 டிகிரியும்

போன வாரம் என் சாட்டிலைட் டிவி டிஷ்ஷைத் திருப்பும் ஆக்சுவேட்டருக்குள் (நீண்டு சுருங்கும் மோட்டார் தண்டு) இருக்கும், சுற்றை எண்ணும் ரீட் சுவிட்சை மாற்றினேன். அதைப் படம் எடுத்து அனுப்பியதுதான் தாமதம், தஞ்சாவூரில் இருக்கும் தம்பி ஒருவர் "அண்ணே, நானும் மோட்டார் டிஷ் போடலாமா? எது வாங்கறது?" என்று கேட்டுவிட்டார். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், எழுதியே விடுகிறேன். எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்கும் கருவி), போலாரிட்டி, சிம்பல் ரேட் எல்லாம் அவருக்கு அத்துப்படி என்பதால் அதற்குள் போகவில்லை.

என்னிடம் இருப்பது திருவெறும்பூரில் மொட்டை மாடியில் நிற்கும் 8 அடி மெஷ் டிஷ். ஒரே அச்சில் கிழக்கு மேற்காகத் திரும்பும் போலார் மவுண்ட், 24 இஞ்ச் ஆக்சுவேட்டர், கீழே டிவி பக்கத்தில் அதற்கு 36 வோல்ட் கொடுக்கும் வி-பாக்ஸ். பெரிய டிஷ் கேட்கும் சி-பேண்ட் அலைவரிசை மட்டும்தான். டிஷ்ஷின் முதுகில் நேராக மாட்டி, எல்என்பி கேபிளில் வரும் 13, 18 வோல்ட்டிலேயே சுற்றும் சின்ன மோட்டாரும் கிடைக்கிறது. தனி வயர் வேண்டாம், வேலை சுத்தம். ஆனால் அது ஒரு மீட்டர் பக்கம் இருக்கும் டிஷ் வரைக்கும்தான் தாங்கும், அதாவது சின்ன டிஷ்ஷிலேயே வரும் கேயூ பேண்ட் அலைவரிசைக்கு. கேயூ பேண்டில் நம் வீட்டுக்கு இலவசமாக வருவதில் முக்கியமானது 93.5 டிகிரியில் (சாட்டிலைட் நிற்கும் கிழக்குத் தீர்க்கரேகை, சாட்டிலைட்டோடு வரும் எண்ணெல்லாம் இதுதான்) ஜிசாட்-15 வழியாக வரும் டிடி ஃப்ரீ டிஷ். அதற்கு அசையாத இரண்டடி டிஷ் போதும், மோட்டார் எதற்கு? விதவிதமாகப் பார்க்க வேண்டுமென்றால் சி-பேண்ட். சி-பேண்ட் என்றால் பெரிய டிஷ், பெரிய டிஷ் என்றால் ஆக்சுவேட்டர். வாங்குவதில் யோசிக்க வேண்டியது இவ்வளவுதான்.

மெஷ்ஷா, தகடா என்றால் கண்ணை மூடிக்கொண்டு மெஷ். நம் ஊரில் தெற்கு நோக்கிய டிஷ் கிட்டத்தட்ட வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும். திருச்சி 10.8 டிகிரி அட்சரேகை, நேர் தெற்கில் உள்ள சாட்டிலைட் 77 டிகிரி உயரத்தில் நிற்கிறது. தகட்டு டிஷ்ஷாக இருந்தால் மழைத்தண்ணீரும் வேப்பிலையும் அதிலேதான் தேங்கும். மெஷ்ஷில் தண்ணீர் நிற்காது, காற்றும் ஓரளவு ஊடே போய்விடும்.

கம்பம் நடுவதில் அவசரப்படவே கூடாது. மூன்று இஞ்ச் ஜிஐ பைப், அடியில் கனமான பிளேட், வாட்டர் லெவல் வைத்து நாலு பக்கமும் பார்த்து இம்மி பிசகாமல் செங்குத்து. எங்கள் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை, வெல்டிங் அருமையாக அமைந்தது. அடுத்தது உண்மையான தெற்கு. மாடியில் திசைகாட்டியை நம்ப முடியாது, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி ஊசியை இழுத்துவிடும். நான் நிழலை வைத்துப் பிடித்தேன். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கானது, திருச்சி இருப்பது 78.7-இல். அதனால் உச்சிப்பொழுது சராசரியாகக் கால் மணி நேரம் தள்ளி வருகிறது, மாதத்துக்கு மாதம் சில நிமிடங்கள் கூடக்குறைய இருக்கும். அன்றைக்கான நேரத்தைக் கணக்குப் பார்த்து, தூக்குக்குண்டு கட்டிய கயிற்றின் நிழலை அந்த நிமிடத்தில் தரையில் கோடு போட்டால் அதுதான் வடக்கு தெற்கு. மே, ஜூன், ஜூலையில் நிழல் தெற்குப் பக்கம் விழும், அதனால் ஒன்றுமில்லை, கோடு அதே கோடுதான். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் மட்டும் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், சூரியன் உச்சந்தலைக்கு மேலே நிற்கும், கோடு போட நிழல் இருக்காது.

டிஷ் திரும்பும் அச்சின் சாய்வு நம் அட்சரேகையான 10.8, அதற்கு மேல் டிஷ்ஷுக்குத் தனியாக 1.9 டிகிரி. இரண்டையும் சேர்த்து அச்சையே 12.7 சாய்த்துவிட்டுப் போகும் ஆட்கள் உண்டு. நடுவில் உள்ள சாட்டிலைட் பிரமாதமாக வரும், கிழக்கிலும் மேற்கிலும் போகப் போக விலகிவிடும். அப்புறம் எல்என்பி சரியில்லை என்று அதை மாற்றச் சொல்வார்கள். இதை எனக்குச் செய்யப் பார்த்தவர் அனுபவசாலி. அவரிடம் வாதாடித்தான் 1.9-ஐத் தனியாக வைக்க வைத்தேன், பலன் இன்றைக்கும் தெரிகிறது. 66-இல் இன்டெல்சாட் 17, 83-இல் ஜிசாட்-30, 93.5-இல் தூர்தர்ஷன் சேனல்கள் வரும் ஜிசாட்-17, 100.5-இல் ஏசியாசாட் 5, கடைசியில் 119.1-இல் வங்கதேசத்தின் பங்களாதேஷ் சாட்டிலைட்-1 (2025 வரை பங்கபந்து-1) வரைக்கும், டிஷ் கிழக்கு மேற்காகப் போகும் ஒரே வில்லில் பிடிக்கிறது. 119.1-க்குப் போகும்போது டிஷ் ஏறக்குறைய 47 டிகிரி கிழக்கே சாய்கிறது. டாக்கா செய்தியை மாலையில் நேரடியாகப் பார்ப்பதில் எனக்குள்ள சந்தோஷத்தை வீட்டில் யாரும் புரிந்துகொள்ளவில்லை, பரவாயில்லை. 100.5-இல் திடீரென்று ஒரு விளையாட்டு மைதானம், வர்ணனை இல்லாமல், விளம்பரம் இல்லாமல், கூட்டத்தின் சத்தம் மட்டும் வரும். அதற்காகவே மோட்டார் போடலாம்.

ஆனால் 78.5.

தாய்லாந்தின் தாய்காம் சாட்டிலைட் நிற்கும் இடம் அது. திருச்சிக்கு நேர் தெற்கு என்றால் 78.7, ஆக இந்த சாட்டிலைட் வில்லின் உச்சியிலேயே இருக்கிறது. எல்லாவற்றிலும் உயரம், எல்லாவற்றிலும் பக்கம், எளிதாக வர வேண்டியது. எனக்குச் சரியாக நிற்காதது இது ஒன்றுதான். ஆக்சுவேட்டர் கடை, டிஷ் கடை என்று கேட்ட இடத்திலெல்லாம் "எல்என்பியை மாத்துங்க" என்றார்கள். காரணம் எல்என்பி இல்லை, எடை. ஐரோப்பாவில் 50 டிகிரி அட்சரேகையில் டிஷ்ஷின் அச்சு நன்றாக நிமிர்ந்திருக்கும், எடையில் ஒரு பங்கு அச்சின் மேலேயே இறங்கும். இங்கே அச்சு படுத்தே கிடக்கிறது. டிஷ் கிழக்கே சாய்ந்தால் மொத்த எடையும் கிழக்கே, மேற்கே சாய்ந்தால் மேற்கே. ஆக்சுவேட்டர் ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்கும், மறுபக்கம் தள்ளிப் பிடிக்கும். இரண்டும் இல்லாமல் எடை மாறுகிற இடம் உச்சி. பல்சக்கரத்திலும் போல்ட் துளையிலும் இருக்கும் ஆட்டமெல்லாம் அங்கே வெளியே வந்துவிடும். அச்சிலிருந்து இரண்டடி தள்ளித்தான் ஆக்சுவேட்டர் டிஷ்ஷைப் பிடிக்கிறது, அந்த இடத்தில் ஒரு சென்டிமீட்டர் ஆட்டம் என்றால் வானத்தில் ஏறக்குறைய ஒரு டிகிரி. 8 அடி டிஷ் பார்க்கும் கதிரின் அகலமே சி-பேண்டில் சுமார் இரண்டு டிகிரிதான். கிழக்கிலிருந்து வந்து நின்றால் ஒரு இடம், மேற்கிலிருந்து வந்தால் இன்னொரு இடம். வி-பாக்ஸில் எண் மட்டும் மாறாமல் அப்படியே காட்டும்.

ரீட் சுவிட்ச் கதை தனி. மோட்டார் சுற்றும்போது காந்தம் கடந்து போவதை எண்ணிச் சொல்வதுதான் அதன் வேலை. அது எண்ணத் தவறினால் எல்லா சாட்டிலைட்டும் ஒரே அளவுக்கு ஒரே பக்கம் விலகும், ஒன்றைத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும். ஒரே ஒரு சாட்டிலைட் மட்டும் அலைந்தால் அது ரீட் சுவிட்ச் இல்லை. பழுது பார்ப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கேட்கவே மாட்டார்கள். இந்த முறை எல்லாமே விலகியது, அதனால் மாற்றினேன். மாற்றியபின் மற்றதெல்லாம் அளவெடுத்த மாதிரி வந்துவிட்டது, 78.5 பழையபடியே.

78.5-க்கு ஓரளவு உதவியது ஒரு பெயிண்ட் டப்பா. கான்கிரீட் நிரப்பி, இரண்டு கிலோ வருகிற மாதிரி, டிஷ்ஷின் மேற்கு ஓரத்தில் விலாக் கம்பியின் முனையில் போல்ட் போட்டேன். எடை மாறும் இடம் உச்சியை விட்டு 83-க்கும் 91.5-க்கும் நடுவே நகர்ந்துவிட்டது, அங்கே நான் பார்க்கும் சாட்டிலைட் எதுவும் இல்லை. இப்போது 78.5-இல் டிஷ் எப்போதும் மேற்கே சாய்ந்து அழுத்திக்கொண்டே இருக்கிறது, ஆட்டம் இல்லை. பதிலுக்கு 66-இலிருந்து திரும்பும்போது மோட்டார் முனகுகிறது. மாசியிலும் பங்குனியிலும் இந்த ஏற்பாடு அருமை. மார்ச் நடுவில் சூரியன் சாட்டிலைட்டுக்குப் பின்னால் வந்து சில நிமிடம் படம் போகும் அல்லவா, அந்த நேரம் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். 12:24 வாக்கில் எல்என்பியின் நிழல் டிஷ்ஷின் நடு மையத்தில் கச்சிதமாக விழுந்தது. எந்த மீட்டரும் காட்டாத சாட்சி அது. செப்டம்பர் கடைசியிலும் இப்படிப் பார்க்கலாம்.

ஆடி பிறந்ததும் எல்லாம் போச்சு. மேற்கிலிருந்து வரும் காற்று அந்த இரண்டு கிலோவைத் தூக்கிவிடுகிறது. ஒவ்வொரு வீச்சுக்கும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. டப்பாவின் எடையைக் கூட்டினால் மோட்டார் போய்விடும், கயிறு கட்டினால் டிஷ் நகராது.

5ஜி தொல்லையையும் சொல்லிவிட வேண்டும். 2022-க்கு அப்புறம் 3.3 முதல் 3.67 கிகாஹெர்ட்ஸ் வரை செல்போன்காரர்களிடம் போய்விட்டது. பழைய எல்என்பி அதையும் வாங்கித் திணறும். கிழக்கே கோபுரம் இருக்கும் பக்கம் டிஷ் சாயும்போதுதான் எனக்குப் போனது, நிமிர்ந்தால் வந்துவிடும். மோட்டார் இல்லாதவருக்கு இந்தக் காரணம் பிடிபடவே பிடிபடாது. 3.7-க்குக் கீழே வெட்டிவிடும் 5ஜி பில்டர் எல்என்பி போட்டதும் தீர்ந்தது. புதிதாக வாங்குபவர் முதலிலேயே அதை வாங்கிவிடலாம்.

சரி, தம்பிக்கு என்ன பதில்? வேண்டாம். 83-க்கு ஒரு ஆறடி, 93.5-க்கு ஒரு ஆறடி, அசையாமல் இரண்டு டிஷ் போட்டு நடுவில் ஒரு சுவிட்ச் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் சேனல்களில் இலவசமாக வருவதைப் பார்க்க அது தாராளம், செலவும் குறைவு, மாடி ஏறும் வேலையும் இல்லை. மேலே நான் புகழ்ந்ததெல்லாம் உண்மை, ஒரு வார்த்தையையும் திரும்பப் பெறவில்லை. ஆனாலும் இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இதை எழுதும்போதுகூட மாடியில் டிஷ் தடதடக்கிறது, 78.5-இல் சிக்னல் குவாலிட்டி 60-க்கும் பூஜ்யத்துக்கும் நடுவே குதிக்கிறது. அடுத்த மாதம் 36 இஞ்ச் ஆக்சுவேட்டர் ஒன்று விலை விசாரிக்கப் போகிறேன், பிடிமானத்தை அச்சிலிருந்து மூன்றடிக்குத் தள்ளினால் அதே ஒரு சென்டிமீட்டர் முக்கால் டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும்.