லூப்புக்குள் அவெய்ட்: 2017 முதல் பழகியும் தீராத கடுப்பு

நேற்று காலை பசியாறிக்கொண்டிருக்கும்போது பட்டர்வொர்த் ஊர்த் தம்பி ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டார். "அண்ணே, லூப்புக்குள்ள அவெய்ட் போட்டிருக்கேன், ஆனா காத்திருக்கவே மாட்டேங்குது." லூப் என்பது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்று, அவெய்ட் என்பது ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் ஒரு வேலை முடியும்வரை காத்திரு என்று சொல்லும் சொல். அவர் எழுதிய நிரலைப் பார்க்கும் முன்பே தெரிந்துவிட்டது, குற்றவாளி ஃபார்-ஈச், பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும் லூப்.

அவெய்ட் போடும் ஃபங்ஷனுக்கு முன்னால் அசிங்க் என்று எழுத வேண்டும். இந்த அசிங்க்–அவெய்ட் ஜாவாஸ்கிரிப்ட் தரத்துக்குள் வந்தது 2017இல், அப்போதிருந்து சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் மென்பொருளின் 8ஆம் பதிப்பில் தொடங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். (தமிழில் எழுதினால் பெயரே அசிங்கமாக வருகிறது, என் குற்றமில்லை.) அதற்கு முன்னால் பிராமிஸ்களை (விடை பிறகு வரும் என்ற உறுதிச்சீட்டு மாதிரி) ரெட்யூஸ் என்ற ஃபங்ஷன் போட்டுச் சங்கிலியாகக் கோத்து அவதிப்பட்டவனுக்கு, ஃபார்-ஆஃப் என்ற இன்னொரு லூப்புக்குள் ஓர் அவெய்ட் எழுதினால் ஒன்று முடிந்தபிறகே அடுத்தது தொடங்கும் என்பது பெரிய நிம்மதி.

ஆனால் ஃபார்-ஈச் இருக்கிறதே! உள்ளே இருக்கும் அசிங்க் ஃபங்ஷன் தரும் பிராமிஸைக் கண்டுகொள்ளாமல் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைக் கூப்பிடப் போய்விடும், அதுவும் எரர் எதுவும் காட்டாமல், சுற்றிப் பிழை பிடிக்கும் டிரை-கேட்ச் போட்டாலும் அதில் சிக்காமல். பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடைக்குத் தீபாவளித் தள்ளுபடிச் செய்தியை 400 பேருக்கு அனுப்ப இப்படித்தான் எழுதி வைத்தேன். 'அனுப்பி முடிந்தது' என்ற லாக் முதலில் வந்தது, செய்தி ஒன்றுகூடக் கிளம்பிச் சேராத நேரத்தில். பிறகு 400 கோரிக்கையும் ஒரே மூச்சில் போய் விழ, எதிர்ப்பக்க சர்வர் பாதிக்கு மேல் 429 என்று திருப்பி அடித்தது, அளவுக்கு மீறிக் கேட்கிறாய் என்று அர்த்தம். கடைக்கார அக்கா "போச்சா தம்பி?" என்றார். "போச்சுக்கா" என்றேன், எந்த அர்த்தத்தில் என்று விளக்கவில்லை. ஃபார்-ஆஃப்புக்கு மாற்றினேன், ஒன்றுக்கு 300 மில்லிசெகண்ட், மொத்தம் இரண்டே நிமிடம், ஒன்றும் தவறவில்லை.

சரி, ஃபார்-ஈச்சையும் முழுக்கத் திட்ட முடியாது. அது 2009இல் வந்தது, பிராமிஸே 2015இல்தான் தரத்தில் சேர்ந்தது, பாவம், பழைய காலத்து ஆள்.

தம்பியிடம் ஃபார்-ஆஃப் போடச் சொன்னேன். மாலையே அடுத்த செய்தி: "அண்ணே, வேலை செய்யுது, ஆனா பக்கம் திறக்க நாலு செகண்டு ஆகுது." பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத 12 அறிக்கைகளை வரிசையில் நிற்க வைத்திருக்கிறார்! பல பிராமிஸ்களுக்கும் ஒன்றாகக் காத்திருக்கும் பிராமிஸ்-ஆல் போட்டிருந்தால் எல்லாம் சேர்ந்தே கிளம்பியிருக்கும். லூப்புக்குள் அவெய்ட் என்றாலே முறைக்கும், நிரலில் தப்புத் தேடும் கருவியான இஎஸ்லிண்ட்டின் விதியை நான் முதல் நாளே அணைத்துவிட்டவன், அது இதற்குத்தான் முறைக்கிறது என்று நேற்றுதான் உறைத்தது.

ஃபார்-ஆஃப் அருமையான சாமான், மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு யாராவது கேட்டால் லூப்புக்குள் அவெய்ட்டே வேண்டாம் என்றுதான் சொல்வேன். புடவைக் கடை ஸ்கிரிப்டை மட்டும் யாரும் தொட வேண்டாம், அது அப்படியே ஓடட்டும்.