திருவனந்தபுரம் ஏர்போர்ட்: களியக்காவிளை வண்டிக்காரன் பார்வையில்

குமரி மாவட்டத்துக் களியக்காவிளையில் 2004 முதல் வாடகை வண்டி ஓட்டுகிறேன். என் சவாரியில் பாதிக்கு மேல் ஏர்போர்ட் சவாரிதான். கொல்லங்கோடு, அருமனை, குலசேகரம், தேங்காப்பட்டணம் என்று எங்கள் பக்கத்தில் கல்ஃபுக்கு ஆள் போகாத தெரு குறைவு. மதுரை ஏர்போர்ட் எங்களுக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல். திருவனந்தபுரத்துக்கோ ராத்திரிச் சோறு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் போதும். நடுவில் ஒரு மாநில எல்லை இருக்கிறது என்பதைத் தவிர, எங்களுக்கு அது ஊர் ஏர்போர்ட்.

முதலில் பாதை. பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகப் போன காலத்தில் பாலராமபுரம் சந்திப்பைத் தாண்டுவதற்குள் சவாரிக்காரர் பத்துத் தடவை மணி பார்ப்பார். இப்போது காரோட்டில் பைபாஸ் ஏறினால் முக்கோலை வரை கான்கிரீட் ரோடு, அங்கிருந்து திருவல்லம், ஈஞ்சக்கல், சாக்கை. திருவல்லத்தில் டோல் உண்டு. பகலில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், விடியற்காலையில் அதற்கும் குறைவு.

இனி ஏர்போர்ட். இதை நல்ல ஏர்போர்ட் என்று மனதாரச் சொல்வேன். ஆனால் ஒரு பெரிய குறை இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெர்மினல் இரண்டும் ரன்வேக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பழைய டெர்மினல் சங்குமுகம் கடற்கரைப் பக்கம். வெளிநாட்டு விமானங்களுக்கான புதிய டெர்மினல், அதாவது டெர்மினல் இரண்டு, சாக்கை பக்கம், பார்வதி புத்தனார் கால்வாயைத் தாண்டி. 2011 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அதைத் திறந்து வைத்தார். கண்ணால் பார்த்தால் ஒன்றுக்கொன்று எதிரே இருப்பது போலத் தெரியும். வண்டியில் போனால் ஊரைச் சுற்ற வேண்டும்.

சில வருடம் முன்னால் அருமனைக்காரர் ஒருவரை மும்பை விமானத்துக்கு ஏற்றிப் போனேன். டிக்கெட் எடுத்துக்கொடுத்த கடைக்காரர், ‘உள்நாட்டு விமானம்தானே, சங்குமுகம் போங்கள்’ என்று சொல்லி அனுப்பியிருந்தார். வாசலில் நின்ற காவலர் டிக்கெட்டைப் பார்த்ததும், ‘சேட்டா, இது டெர்மினல் இரண்டு’ என்றார். அந்த மனிதருடைய அப்பா மும்பையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பெட்டியைத் திரும்ப டிக்கியில் போட்டு, ஆல் செயின்ட்ஸ், சாக்கை என்று சுற்றிக்கொண்டு ஓடினோம். கவுண்டர் மூட ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து சவாரி புக் பண்ணுகிறவரிடம் டிக்கெட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். நீங்களும் யார் வாய்வார்த்தையையும் நம்பாமல் டிக்கெட்டில் டெர்மினல் எண்ணைப் பாருங்கள். உள்நாட்டு விமானம் என்றாலே சங்குமுகம் என்று நினைக்க வேண்டாம்.

இந்த இடம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் எங்கள் பங்கும் உண்டு. 1932-ல் திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் இதைத் தொடங்க முன்நின்றவர் கர்னல் கோதவர்ம ராஜா. மகாராஜா சித்திரைத் திருநாளின் தங்கை கார்த்திகைத் திருநாளை மணந்தவர். விமானம் ஓட்டுவதில் அவருக்கு அத்தனை பிரியம். 1971-ல் குலு பள்ளத்தாக்கில் நடந்த விமான விபத்திலேயே அவர் உயிர் போனது. டாடா கம்பெனியின் சின்ன விமானம் ஒன்றை நெவில் வின்சென்ட் என்பவர் ஓட்டிக்கொண்டு வந்து 1935-ல் இங்கே இறக்கினார். மகாராஜாவின் பிறந்தநாளுக்கு வைஸ்ராய் அனுப்பிய வாழ்த்துக் கடிதம் அதில் வந்தது. நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர் அஞ்சல் தபால்களை ஏற்றிக்கொண்டு அது பம்பாய்க்குப் பறந்தது. சரியாக 21 வருடம் கழித்து, 1956-ல் அதே நவம்பர் 1 அன்றுதான் எங்கள் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. விமானம் முதலில் பறந்தபோது நாங்களும் திருவிதாங்கூர்க்காரர்கள். எங்கள் தாத்தாமார் கட்டிய வரியும் அந்த மண்ணில் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

1991 ஜனவரி 1 முதல் சர்வதேச விமான நிலையம். டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை என்ற நான்கு பெருநகரங்களுக்கு அடுத்து அந்தப் பெயர் கிடைத்தது இதற்குத்தான். 2021 அக்டோபர் 14 முதல் அதானி குழுமம் நடத்துகிறது, ஐம்பது வருடக் குத்தகை. 2024-ல் சுமார் 49 லட்சம் பேர் வந்து போயிருக்கிறார்கள். 1,300 கோடி ரூபாயில் டெர்மினலைப் பெரிதாக்கும் திட்டத்தையும் அறிவித்திருக்கிறார்கள். அது வரட்டும், இடம் போதவில்லை என்பது உண்மை.

ரன்வே சுமார் 3,400 மீட்டர். மேல்பூச்சை முழுக்க மாற்ற 2025 ஜனவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை பகல் ஒன்பது மணி முதல் மாலை ஆறு வரை மூடிவிட்டார்கள். விமானம் எல்லாம் ராத்திரிக்கும் காலைக்கும் மாறியது. அந்த இரண்டரை மாதம் நானும் பகலில் தூங்கி ராத்திரி ஓடினேன். அதே வருடம் ஜூன் மாதம் பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35 போர் விமானம் அவசரமாக இறங்கிப் பழுதாகி ஐந்து வாரத்துக்கு மேல் நின்றதே, அப்போது வண்டியில் ஏறிய எல்லோருக்கும் அதே பேச்சு. எங்கோ கப்பலிலிருந்து கிளம்பி வந்ததற்கு, ஆபத்து நேரத்தில் இறங்க நம் ரன்வே இருந்தது. எனக்கு அதில் பெருமைதான்.

ஆனால் இந்த ரன்வேயில் நான் பார்த்த பெரிய காட்சி ஆறாட்டு. வருடத்தில் இரண்டு நாள், பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாபசுவாமி கடலில் நீராடப் போகும்போது ரன்வேயைக் கடந்துதான் போவார். சுவாமிக்கு அந்த வழி ஏர்போர்ட் வருவதற்கு முன்பே இருந்தது. மாலை நான்கு மணி வாக்கில் விமானத்தை நிறுத்தினால் ராத்திரி ஒன்பது மணி வரை எதுவும் இறங்காது, ஏறாது. என் அம்மா ஆசைப்பட்டாள் என்று 2016-ல் கூட்டிக்கொண்டு வள்ளக்கடவில் போய் நின்றேன். பத்மநாபர், நரசிம்மர், கிருஷ்ணர் மூவரும் கருட வாகனத்தில், ஆள்கள் தோளில் வருகிறார்கள். முன்னால் ராஜ குடும்பத்து மூத்தவர் உருவிய வாளோடு நடக்கிறார், காலில் செருப்பில்லை. ஏர்போர்ட் மதில் கேட் திறக்கிறது. துப்பாக்கி பிடித்த காவலர்கள் இரண்டு பக்கமும் நிற்க, யானை தார் ரோட்டில் ஏறுகிற மாதிரி ரன்வே பக்கம் நடந்து போகிறது. அம்மா கும்பிட்ட கையை ரொம்ப நேரம் இறக்கவில்லை. கடலில் நீராடிவிட்டுத் தீவட்டி வெளிச்சத்தில் சுவாமி திரும்பிய பிறகு, ரன்வேயைப் பார்த்துச் சுத்தம் செய்த பின்புதான் விமானத்தை விடுவார்கள். இப்படி ஒரு ஏர்போர்ட்டை எங்கே போய்ப் பார்ப்பது?

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. பயணிகளிடம் டிக்கெட்டோடு சேர்த்து வாங்கும் மேம்பாட்டுக் கட்டணம் 2024 ஜூலையில் கூடியது. உள்நாட்டில் கிளம்புகிறவருக்கு 506 ரூபாய் இருந்தது 770 ஆனது. வந்து இறங்குகிறவரிடமும் வாங்க ஆரம்பித்தார்கள். இரண்டு வருடம் வெயிலில் கம்பி கட்டிவிட்டு வருகிறவனிடம், சொந்த ஊர் மண்ணில் இறங்கியதற்கும் காசு வாங்குவது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. அதை மாற்ற வேண்டும்.

கல்ஃப் விமானம் நிறைய விடியற்காலையில்தான் வரும். மூன்றரை மணிக்கு வெளியே கம்பி ஓரத்தில் நின்றால் பாதிப் பேச்சு தமிழ், பாதி மலையாளம். பிளாஸ்க்கில் சாயா கொண்டு வருவார்கள், ஏத்தம்பழ அப்பத்தைக் காகிதத்தில் சுருட்டி வைத்திருப்பார்கள். வெளியே வரும் தள்ளுவண்டியில் நைலான் கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டி, அதில் மார்க்கர் பேனாவால் தமிழில் பேரும் ஊரும். போன மாதம் கொல்லங்கோட்டுக் குடும்பத்தோடு நின்றேன். மூன்று வயதுப் பெண் குழந்தை அப்பாவை போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறது. அவர் வந்து கை நீட்டியதும் என் காலைக் கட்டிக்கொண்டு பின்னால் ஒளிந்துவிட்டது. அவர் அவசரப்படவில்லை. தரையில் உட்கார்ந்து, பெட்டிக் கயிற்றின் முடிச்சைக் குழந்தையிடம் காட்டி, ‘மக்களே, இதை அவிழ்க்கத் தெரியுமா?’ என்று கேட்டார். குழந்தை மெல்லக் கிட்டே போய் முடிச்சில் விரல் வைத்தது.

அங்கேதான் வயதானவர்களுக்கு இன்னும் கொஞ்சம் உட்கார இடம் வேண்டும். விமானம் தாமதம் என்றால் முட்டு வலிக்காரப் பாட்டிமார் இரண்டு மணி நேரம் நிற்கிறார்கள். பெரிதாகக் கட்டப்போகும் டெர்மினலில் இதையும் சேர்த்துக் கணக்குப் பண்ணட்டும்.

கடைசியாக, ஊருக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் பங்குனி, ஐப்பசி மாதம் டிக்கெட் எடுக்கும்போது ஆறாட்டுத் தேதியைப் பார்த்துவிட்டு எடுங்கள். அன்றைக்கு மாலை விமானம் நேரம் மாறும், வள்ளக்கடவு, ஈஞ்சக்கல் ரோட்டில் வண்டியும் நகராது. மத்தியானமே கிளம்பிவிட வேண்டும்.